மேடையிலே ஊர் பாட்டு, டெஸ்டிங்கிலே சொந்தப் பாட்டு!

- இறுதியாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு



“ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ...”

ஆடி மாசம் பிறந்துவிட்டால் இந்தக் குரல் கேட்காத தெரு வடசென்னையில் உண்டா? ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, காலாடிப்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என்று எந்தப் பக்கம் போனாலும் அம்மன் கோயிலில் கூழ் ஊத்துவார்கள். அன்று சாயங்காலம் தெருவை அடைத்து மேடை போட்டு ‘லைட் மியூசிக்’ நடக்கும். நாமும் கூட்டத்தில் நின்று விசில் அடித்திருக்கிறோம். சிலர் மேடைக்குக் கீழே ஆடியும் இருக்கிறோம்.

ஆனால் மறுநாள் வகுப்பில் வந்து என்ன சொல்கிறோம்? “சொந்தமா ஒண்ணும் கிடையாது மச்சான், எல்லாம் சினிமா பாட்டைக் காப்பி அடிக்கிறானுங்க” என்கிறோம். இந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். என் அப்பா துறைமுகத்தில் லோடு இறக்குகிறவர். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு மெல்லிசைக் குழுவில் டோலக்கும் ரிதம் பேடும் வாசிக்கிறார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். லீவு நாட்களில் மாமாவோடு போய் ஒயர் இழுப்பதும், முடிந்ததும் சுருட்டி வைப்பதும் என் வேலை. அங்கே பார்த்ததையும், இங்கே வகுப்பில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கவர் என்றால் என்ன?

ஒருவர் முதலில் பாடி வெளியிட்ட பாட்டை இன்னொருவர் தன் குரலில், தன் வாத்தியங்களோடு மறுபடி பாடினால் அதற்கு ‘கவர்’ என்று பெயர். இது கேவலமான விஷயமும் இல்லை, நம்ம ஊரில் மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. உலகத்திலேயே பெரிய ராக் குழு எது என்றால் பலரும் சொல்லும் பெயர் பீட்டில்ஸ். அவர்கள் பிறந்த லிவர்பூல், நம்ம ராயபுரம் மாதிரியே துறைமுகத்தை ஒட்டிய ஊர். நால்வரில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசனின் அப்பா பஸ் கண்டக்டர். 1960 முதல் 1962 வரை இந்தக் குழு ஜெர்மனியில் ஹாம்பர்க் என்ற இன்னொரு துறைமுக ஊருக்குப் பல முறை போய், கிளப்புகளில் ராத்திரிக்கு ராத்திரி மணிக்கணக்கில் வாசித்தது. அத்தனை மணி நேரத்துக்குச் சொந்தப் பாட்டு எங்கிருந்து வரும்? அமெரிக்கப் பாட்டுகளைக் காதால் கேட்டுக் கற்றுக்கொண்டு வாசித்தார்கள்.

1963-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் 14 பாட்டு. அதில் 8 சொந்தம், 6 கவர். அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டான ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’டை உலகமே பீட்டில்ஸ் பாட்டு என்று நினைக்கிறது. அதை 1961-ல் டாப் நோட்ஸ் என்ற குழுவும், 1962-ல் ஐஸ்லி பிரதர்ஸும் ஏற்கெனவே பாடிவிட்டார்கள்! நிர்வாணா குழு 1993 நவம்பரில் எம்டிவிக்காக மின்கிட்டார் சத்தத்தைக் குறைத்து நடத்திய புகழ்பெற்ற கச்சேரியிலும் 14 பாட்டுக்கு 6 பாட்டு அடுத்தவர் பாட்டுதான்.

சரி, மேடைக்கு முந்தின விஷயத்துக்கு வருவோம். கச்சேரிக்குச் சில மணி நேரம் முன்பு, கூட்டம் வருவதற்குள், எல்லா மைக்கையும் வாத்தியத்தையும் சரிபார்ப்பதை வெளிநாட்டில் சவுண்டு செக் என்பார்கள். நம்ம ஊரில் ‘டெஸ்டிங்’ அல்லது ‘பேலன்ஸ் பார்க்கிறது’. ராக் குழுக்கள் இந்த நேரத்தில் பல சமயம் ராத்திரி பாடப்போகிற பாட்டைப் பாடாமல், பழைய கவர் பாட்டுகளை வாசிப்பார்கள். பீட்டில்ஸில் இருந்த பால் மெக்கார்ட்னி 1990-ல் வெளியிட்ட மேடை ஆல்பத்தில் இப்படி டெஸ்டிங்கில் வாசித்த பாட்டுகளையே சேர்த்திருக்கிறார். கார்ல் பெர்கின்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் ‘மேட்ச்பாக்ஸ்’ அதில் ஒன்று.

ஏன் அடுத்தவர் பாட்டு? ராத்திரிக்கு வைத்திருக்கிற பாட்டைச் சாயங்காலமே வாசித்துத் தேய்த்துவிடக் கூடாது. இது ஒரு காரணம். எல்லாருக்கும் தெரிந்த பாட்டு எப்படிக் கேட்க வேண்டும் என்பது காதில் ஏற்கெனவே பதிந்திருக்கும். அதனால் குறை இருந்தால் உடனே பிடிபடும். இது இரண்டாவது காரணம். மூன்றாவது, டிக்கெட் வாங்கியவர்கள் இல்லாத நேரம், கொஞ்சம் விளையாடலாம்.

நம்ம ஊர் கவர் மேடை

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். பண்ணைப்புரத்தில் பாவலர் வரதராஜன் என்று ஒருவர் இருந்தார். கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களுக்காக ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டில் அரசியல் வரிகளை எழுதிப் பாடுவார். அவருடைய தம்பிகள் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் மூவரும் அந்தக் குழுவில் வளர்ந்தவர்கள். சென்னைக்கு வந்த பிறகு எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவிலும் இந்தச் சகோதரர்கள் வாசித்தார்கள். அதாவது, பின்னாளில் ஆயிரக்கணக்கான பாட்டு போட்டவரும் பாடியவரும், ஒரு காலத்தில் அடுத்தவர் பாட்டை வாசித்த மேடையில்தான் ஒன்றாக நின்றார்கள். ஏ.ஆர்.ரஹ்மானும் சினிமாவுக்கு இசையமைப்பதற்கு முன் ‘ரூட்ஸ்’ என்ற குழுவில், டிரம்ஸ் சிவமணியோடு கீபோர்டு வாசித்தவர். மேடைதான் இவர்களுக்குப் பள்ளிக்கூடம்.

வடசென்னைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. கானா! இந்தத் தெருக்களில் சாவு வீட்டிலும் கருமாதியிலும் பாடப்பட்ட பாட்டு அது. கானா பாடுகிறவர் பல சமயம் தெரிந்த சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு இறந்தவரைப் பற்றிப் புதிய வரிகளைக் கட்டுவார். மெட்டு கவர், வார்த்தை சொந்தம். 1990-களில் தேவா இசையில் கானா சினிமாவுக்குள் பரவலாக நுழைந்தது. 2006-ல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன், 2012-ல் ‘அட்டகத்தி’யில் கானா பாலா என்று தெருப் பாடகர்களே திரையில் கேட்டார்கள். தெருவில் பிறந்த பாணி சினிமாவுக்குப் போய், மறு வருஷம் ஆடி மாசம் அதே தெருவுக்கு லைட் மியூசிக் மேடையில் கவராகத் திரும்பி வந்துவிட்டது! 2018 ஜனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, கானாவையும் ராக்கையும் ஒரே மேடையில் சேர்த்துச் சொந்தப் பாட்டுகளோடு வந்தபோது, எங்கள் பக்கத்துப் பசங்களுக்கு ஒரு புது தைரியம் வந்தது உண்மை.

தெருவுக்குத் தெரு பாட்டு வரிசை

லைட் மியூசிக்கில் என்ன பாட்டு வரும் என்பதைக் குழு மட்டும் முடிவு செய்வதில்லை, தெருவும் முடிவு செய்கிறது. முதலில் பிள்ளையார் பாட்டு. அடுத்து எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய அம்மன் பாட்டுகளில் ஒன்றிரண்டு. அப்போது யாருக்காவது சாமி வந்துவிடும். ரிதம் வாசிக்கிறவர் அவர் முகத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். ரெக்கார்டில் இருக்கிற மாதிரியே நாலு நிமிஷத்தில் முடித்தால் வம்புதான்.

பிறகு டி.எம்.எஸ். குரலில் எம்.ஜி.ஆர். பாட்டு. காசிமேட்டில் மேடை போட்டால் ‘படகோட்டி’ (1964) பாட்டு இல்லாமல் இறங்க முடியாது. வாலி எழுதி, விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையமைத்த படம். கடலுக்குப் போகிறவர்களைப் பற்றிய பாட்டு என்பதால் அங்கே அது பழைய பாட்டே இல்லை. திருவொற்றியூர் பக்கம் ஆயுத பூஜைக்கு ஆட்டோ ஸ்டாண்டில் வாசித்தால் ரஜினி பாட்டு நாலாவது கட்டாயம். எட்டரை மணிக்கு மேல் இளையராஜா மெலடி, அதற்கு மேல் குத்துப் பாட்டு. இதற்கிடையில் சீட்டு வரும். சின்னத் துண்டுக் காகிதத்தில் பாட்டுப் பெயரையும் தன் பெயரையும் எழுதி, சில பேர் ரூபாய் நோட்டையும் சேர்த்து மடித்து மேடைக்கு அனுப்புவார்கள். அந்தச் சீட்டைப் பார்த்ததும் முப்பது செகண்டுக்குள் பாட்டு ஆரம்பிக்க வேண்டும். நோட்டுப் புத்தகம் கிடையாது. எல்லாம் மனப்பாடம்.

காப்பி அடிக்க முடியாது, செய்துதான் ஆகணும்

நண்பர்களே, சினிமா பாட்டில் இருபது முப்பது வயலின் சேர்ந்து ஒலிக்கும். மேடையில் இருப்பது ஒரே ஒரு கீபோர்டு அண்ணன். இடது கையில் வயலின் கூட்டத்தின் கார்டு, வலது கையில் புல்லாங்குழல் பிட்டு. தபேலா வாசித்த பாட்டுக்கு டோலக்தான் கையில் இருக்கிறது என்றால், தபேலாவின் நடையை டோலக்குக்கு மாற்ற வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? அவர்களே செய்கிற முடிவுதான். இதை நம் வகுப்பில் டிசைன் என்போம்.

அடுத்தது சுதி. டி.எம்.எஸ். உயரத்தில் பாடியதை மேடைப் பாடகர் மூன்று மணி நேரம் கத்திய பிறகு பாட வேண்டும் என்றால் அரைக்கட்டை இறக்குவார்கள். ஒரு ஸ்தாயி என்பது 12 படி. ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இரட்டிப்பு. எனவே ஒவ்வொரு படிக்கும் பெருக்கல் எண் 1.0595. மூல பாட்டில் 440 ஹெர்ட்ஸ் வருகிற இடம், ஒரு படி இறக்கினால் ஏறக்குறைய 415 ஹெர்ட்ஸ். கீபோர்டில் இதற்கு ஒரு பட்டன் உண்டு. கிட்டார்காரர் கை வைக்கிற இடத்தையே மாற்ற வேண்டும். புல்லாங்குழல்காரருக்கு வேறு குழலே வேண்டும். அதனால்தான் அவர் பையில் பத்துப் பன்னிரண்டு குழல் இருக்கும். மாமாவுக்கு 1.0595 தெரியாது. ஆனால் பாடகர் முதல் வரி பாடும்போதே, “அரை இறக்கு, ஆளு திணர்றாரு” என்று கீபோர்டு பக்கம் விரலால் காட்டிவிடுவார்.

அஞ்சு மணிக்கு நடக்கிற வேலை

டெஸ்டிங் என்பது ‘ஒன் டூ த்ரீ’ சொல்வதோடு முடிகிற வேலை இல்லை. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. நம் பிரிவு மாணவர்கள் இதைக் கவனித்தால் பாதிப் பாடம் அங்கேயே புரிந்துவிடும்.

முதலில் கரண்ட். கோயில் லைனிலோ ஜெனரேட்டரிலோ எடுப்பார்கள். எர்த் சரியில்லை என்றால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். மிக்சருக்கு ஒரு இடத்திலும் கீபோர்டுக்கு வேறு இடத்திலும் எர்த் இருந்தாலும் இதே தொல்லைதான். போதாததற்கு மேடையைச் சுற்றி சீரியல் லைட்டு வேறு. மைக் ஒயரில் மட்டும் இந்த இரைச்சல் குறைவாக இருப்பது ஏன்? அதில் சிக்னல் இரண்டு கம்பியில் நேர் எதிராகப் போகிறது. வழியில் ஏறுகிற இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்சர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் பொதுவான இரைச்சல் கழிந்துவிடும். ஆப்-ஆம்ப் பாடத்தில் டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர் என்று படித்தோமே, அது இதுதான். கிட்டார் ஒயரில் ஒரே ஒரு சிக்னல் கம்பி. அதனால்தான் அது நீளமாகப் போனால் தொல்லை.

இரண்டாவது, வாத்தியம் ஒவ்வொன்றாக. முதலில் டிரம்ஸின் பெரிய மத்தளம், பிறகு பேஸ், பேடு, டோலக், கீபோர்டு, குழல், கடைசியில் பாடுகிறவர்கள். கடலோரத்தில் இதற்கு ஒரு தனித் தலைவலி. சாயங்காலம் கடல் காத்து ஈரத்தோடு வரும். டோலக், தபேலாவின் தோல் ஈரத்தில் தளர்ந்து சுதி இறங்கும். அஞ்சு மணிக்குக் கட்டினது எட்டு மணிக்கு நிற்காது. உப்புக் காத்தில் ஜாக் பின்கள் பச்சை பூத்துக் கரகரக்கும். எண்ணூர் பக்கம் போனால் தூசி வேறு.

மூன்றாவது, ‘கீச்’ என்ற அலறல். மைக்கில் போன சத்தம் ஸ்பீக்கரில் வந்து, மறுபடி அதே மைக்கில் நுழைந்து, சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் ஃபீட்பேக். ஒரு சுற்றின் மொத்தப் பெருக்கம் ஒன்றைத் தொட்டு, கட்டமும் பொருந்தினால் சுற்று தானாகவே ஒலிக்க ஆரம்பிக்கும். ஆசிலேட்டர் பாடத்தில் பார்க்கோசன் விதி என்று மனப்பாடம் செய்தோம். அந்த விதி தினமும் மேடையில் கத்திக்கொண்டிருக்கிறது! மேடை மைக் பெரும்பாலும் முன்பக்கச் சத்தத்தை நன்றாக எடுத்து, பின்பக்கத்தை ஒதுக்கும் வகை. அதனால் மானிட்டர் ஸ்பீக்கரைப் பாடகரைப் பார்த்து, மைக்கின் பின்பக்கமாக வைப்பார்கள். சினிமா ஹீரோ மாதிரி மைக்கின் தலையைக் கையால் மூடிப் பிடித்தால் அந்த ஒதுக்கும் குணம் போய்விடும், உடனே கீச்! நம் கல்லூரி விழாவில் பாடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் கீச்சை அடக்க 31 பட்டை ஈக்வலைசர் இருக்கும். எந்தப் பட்டையை இறக்குவது என்பதுதான் வித்தை. மாமா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “ரெண்டரையில கத்துது, அதை இறக்கு” என்பார். 2.5 கிலோஹெர்ட்ஸ் பட்டையை இறக்கினால் நின்றுவிடும். ‘கிலோஹெர்ட்ஸ்’ என்றால் என்ன என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். ஒரு செகண்டுக்கு ஆயிரம் அதிர்வு என்றேன். “அப்படியா மாப்ள, நான் சத்தத்துக்கு வெச்ச பேருன்னு நெனச்சேன்” என்றார். அன்றைக்கு எனக்குப் பெருமையாகவும் இருந்தது, மனசுக்குக் கஷ்டமாகவும் இருந்தது. நான் புத்தகத்தில் படித்ததை அவர் இருபது வருஷம் காதால் படித்திருக்கிறார். அவருக்குச் சான்றிதழ் கொடுக்கத்தான் யாரும் இல்லை.

கடைசியாக, தெருக்கோடி பாக்ஸ். புத்தகத்தில் ஒலியின் வேகம் செகண்டுக்கு 340 மீட்டர் என்று இருக்கும். நம்ம ஊர் 30 டிகிரி சூட்டில் ஏறக்குறைய 350. மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி இன்னொரு பாக்ஸ் வைத்தால், ஒயரில் வந்த பாட்டு அங்கே உடனே கேட்கும். மேடைச் சத்தம் காற்றில் வந்து சேர 0.2 செகண்ட் ஆகும். ஒரே பாட்டு இரண்டு முறை கேட்டு வார்த்தை புரியாது. அதனால் அந்தப் பாக்ஸுக்குப் போகிற சிக்னலை அதே 0.2 செகண்ட் தாமதப்படுத்த வேண்டும்.

டெஸ்டிங் பாட்டு

எல்லாம் தனித்தனியாகச் சரி பார்த்த பிறகு, சேர்த்து ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். எதை வாசிப்பது? கிட்டார்காரர்கள் தாங்களாகவே எடுக்கிற பாட்டு ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’. அந்தக் கிட்டார் பிட்டு சுத்தமாகக் கேட்டால் கிட்டார் லைன் சரி என்று அர்த்தம். ‘மூடுபனி’ (1980) படத்தில் ஜேசுதாஸ் பாடிய கிட்டார் பாட்டும் இதே வேலைக்கு வரும்.

ஆனால் மாமாவின் குழு கடைசியாக வாசிப்பது வேறு ஒன்று. அது எந்தப் படத்திலும் கிடையாது. கீபோர்டு அண்ணன் பகலில் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவர். அவர் போட்ட மெட்டு. கப்பல் சங்கு மாதிரி நீளமான, அடித்தொண்டைச் சுரத்தில் ஆரம்பிக்கும். அதில் எர்த் இரைச்சல் மிச்சம் இருந்தால் தெரிந்துவிடும். பிறகு டோலக் தனியாக எட்டு சுற்று. அடுத்து எல்லாரும் ஒரே நேரத்தில் சட்டென்று நிறுத்துவார்கள். அந்த அமைதியில் ஃபீட்பேக் ஒளிந்திருந்தால் மாட்டிக்கொள்ளும். கடைசியில் குழல் உச்சிக்கு ஏறும். மேல் பட்டைகள் சரியா என்று தெரியும். வருஷக்கணக்கில் டெஸ்டிங்குக்காகவே செதுக்கிச் செதுக்கி, இப்போது அது ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முழுப் பாட்டாகவே ஆகிவிட்டது. கேட்பவர்கள் யார்? மேடைக்கு முன்னால் கல்லா மண்ணா விளையாடும் பிள்ளைகளும், பாத்திரம் கழுவுகிற அக்காக்களும், ஒயரோடு நிற்கிற நானும்தான்.

ராக் குழு மேடையில் சொந்தப் பாட்டு வாசித்து, டெஸ்டிங்கில் கவர் வாசிக்கிறது. நம்ம ஊர்க் குழுவுக்கு அது தலைகீழ். மேடை முழுக்கக் கவர்; டெஸ்டிங்கில் மட்டும் சொந்தம்!

“இன்னா மாமா, இதை மேடையில வாசிக்கலாம்ல?” என்று கேட்டேன்.

“யார்ரா கேப்பாங்க? சீட்டுல எழுதிக் குடுக்க அதுக்கு ஒரு பேரு கூட இல்ல” என்றார். கீபோர்டு அண்ணன் சிரித்துக்கொண்டே சிகரெட் பிடிக்கப் போய்விட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

கவர் பாட்டு என்றால் உரிமைப் பிரச்சினை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி உரிமை இருக்கிறது. அவர்கள் சார்பில் ராயல்டி வசூலிக்க ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969 முதல் இருக்கிறது. 2017 மார்ச்சில் அமெரிக்காவில் எஸ்.பி.பி. கச்சேரி நடத்திக்கொண்டிருந்தபோது, அனுமதி இல்லாமல் தன் பாட்டுகளைப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனதை எல்லாரும் அறிவோம். ஒரே மேடையில் கவர் வாசித்து வளர்ந்த இரண்டு பேர்! 2019 ஜூனில் சென்னையில் இருவரும் மறுபடி ஒரே மேடையில் நின்றார்கள். 2020-ல் எஸ்.பி.பி. மறைந்தார்.

இசையமைத்தவர் தன் உழைப்புக்குப் பணம் கேட்பது நியாயம்தான். அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவில் சில விலக்குகளும் உண்டு. உண்மையான சமயச் சடங்கு, கல்யாண ஊர்வலம், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டம் இவற்றில் பாடுவது உரிமை மீறல் ஆகாது. நமக்கு முக்கியமானது: கல்வி நிலையத்தின் நிகழ்ச்சியில் அதன் மாணவர்களும் ஆசிரியர்களும் பாடி, கேட்பவர்கள் மாணவர், ஆசிரியர், பெற்றோர், நிலையத்தோடு தொடர்புள்ளவர் என்ற அளவில் இருந்தால் அதுவும் மீறல் ஆகாது. வெளியிலிருந்து குழுவை அழைத்தாலோ, டிக்கெட் போட்டாலோ கதை வேறு. முறையாக உரிமம் வாங்கிவிட வேண்டும். கவரைப் பதிவு செய்து விற்பது இன்னும் கடுமை. 2012 திருத்தத்தின்படி, முதல் பதிவு வந்த வருஷம் முடிந்து ஐந்து வருஷம் கழித்துத்தான், முன்கூட்டி ராயல்டி கட்டிச் செய்யலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். இந்தச் சட்டம் கீபோர்டு அண்ணனுக்கும் சொந்தம். அவர் போட்ட மெட்டுக்கு அவர்தான் உரிமையாளர். பதிவு செய்வது நல்லது. ஆனால் கட்டாயம் இல்லை. அதனால்தான் போன மாசம் அந்த ஐந்து நிமிஷத்தையும் செல்போனில் தேதி சொல்லிப் பதிவு செய்து வைத்திருக்கிறேன்.

சுருங்குகிற மேடை

முன்பெல்லாம் கச்சேரி விடிய விடிய நடக்கும் என்று அப்பா சொல்லுவார். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருஷத்தில் அதிகபட்சம் 15 நாள், விழாக் காலங்களில், அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். கைக்குழந்தையும், ஷிஃப்ட் முடித்து வந்த தொழிலாளியும் தூங்க வேண்டாமா? விதி சரியானதே. ஆனால் ஆறு மணி நேரக் கச்சேரி மூன்று மணி நேரம் ஆனால் சம்பளமும் அப்படித்தானே ஆகும்.

பதினைந்து பேர் ஏறிய மேடையில் இப்போது ஐந்து பேர். மற்ற வாத்தியம் எல்லாம் கரோக்கி டிராக்கில் வருகிறது. அதையும் தாண்டி, ‘டிஜே போதும்’ என்கிறார்கள். 2020-லும் 2021-லும் கொரோனாவால் ஆடித் திருவிழாவே ஒழுங்காக நடக்கவில்லை. மாமாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் அப்போது செட்டை விற்றுவிட்டு உணவு டெலிவரிக்குப் போனவர், இன்னும் திரும்பவில்லை. போன வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தில், குழு டெஸ்டிங் முடித்துத் தயாராக நின்றபோது, “பசங்க டிஜேதான் கேட்கிறாங்க, நீங்க நாலு பாட்டோட முடிச்சுக்கோங்க” என்று சொல்லிப் பாதிப் பணம்தான் கொடுத்தார்கள். மாமா எதுவும் பேசவில்லை. நான் ஒயரைச் சுருட்டினேன்.

டிஜே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் ஒரு வேலை. ஆனால் டிராக்குக்குச் சாமி ஆடுகிறவர் முகம் தெரியாது. பாடகர் திணறினால் அது அரைக்கட்டை இறங்காது.

மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் மாணவர் மன்ற நிர்வாகிகளுக்கு மூன்று கோரிக்கைகள். ஒன்று, வரும் கல்லூரி ஆண்டு விழாவுக்கு நம்ம பகுதியின் மெல்லிசைக் குழு ஒன்றை அழைக்க வேண்டும். வடசென்னையில் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. இரண்டு, அன்று மத்தியானமே டெஸ்டிங்கை நம் பிரிவு மாணவர்கள் கூட இருந்து பார்க்க அனுமதி வாங்கித் தர வேண்டும். ஈக்வலைசர், ஃபீட்பேக், டிலே இவற்றை அங்கே இரண்டு மணி நேரம் பார்த்தால் லேபில் ஒரு மாசம் பார்த்த மாதிரி. மூன்று, அந்தக் குழுவிடம், “உங்க சொந்த மெட்டு ஒண்ணு இருந்தா அதையும் மேடையில வாசிங்க” என்று நாமே கேட்க வேண்டும். சீட்டில் எழுதப் பெயர் இல்லாவிட்டால், ‘உங்க டெஸ்டிங் பாட்டு’ என்று எழுதிக் கொடுப்போம். புரிந்துகொள்வார்கள்.

நண்பர்களே, நீங்களும் அடுத்த ஆடிக்கு ஏழு மணிக்கு வராமல் அஞ்சு மணிக்கே மேடைப் பக்கம் வாருங்கள். ஒயர் இழுக்க ஒரு கை குறைவாகத்தான் இருக்கும்.